தமுக்கம் அரண்மனையில் காந்தி அருங்காட்சியகத்தைக் காணும் முறை

மதுரைக்கு வருவோரில் பெரும்பாலோர் மீனாட்சியம்மன் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் பார்த்து முடித்தபின், நேரம் மிஞ்சினால் வைகையைக் கடந்து தல்லாகுளத்துக்கு வருகிறார்கள். காந்தி நினைவு அருங்காட்சியகத்துக்குள் நுழைந்ததும் இரத்தக் கறை படிந்த துணி எங்கே இருக்கிறது என்று கேட்டு, அதை மட்டும் பார்த்துவிட்டு அரைமணி நேரத்தில் வெளியேறிவிடுகிறார்கள். பள்ளி ஆசிரியராக இருந்த காலத்தில் ஆண்டுதோறும் மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தத் துணியை முதலில் பார்ப்பவர்களுக்கு அது ஒரு கொலையின் தடயமாக மட்டுமே தெரியும். டெல்லியில் சுடப்பட்டவர் உடுத்தியிருந்த துணி ஏன் மதுரையில் இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு விடை தெரிந்துகொண்டு, அதன்பிறகு அதன் முன்னால் போய் நிற்க வேண்டும். அதற்கு அரைநாள் ஒதுக்கினால் போதும். பயணத்தைத் தமுக்கத்தில் தொடங்காமல் மேலமாசி வீதியில் தொடங்க வேண்டும்.

மதுரை ரயில் நிலையத்திலிருந்து கிழக்கே நடந்தால் சில நிமிடங்களில் மேலமாசி வீதி வந்துவிடும். அங்கே இப்போது கதர் விற்பனை நிலையம் இயங்கும் கட்டடத்தின் மாடியில்தான் 1921 செப்டம்பரில் காந்தி தங்கினார். அந்தப் பயணத்தின் பின்னணியை மனத்தில் வைத்துக்கொண்டு படியேறுவது நல்லது. அவருடன் சுற்றுப்பயணத்தில் இருந்த கிலாபத் இயக்கத் தலைவர் மௌலானா முகமது அலி அதற்குச் சில நாள்களுக்கு முன்புதான் விசாகப்பட்டினத்தின் வால்டேர் ரயில் நிலையத்தில் கைதாகியிருந்தார். அந்தக் கவலையோடு சென்னையிலிருந்து மதுரைக்கு ரயிலில் வந்தபோது, அதே பெட்டியில் இருந்தவர்கள் நாட்டில் நடப்பதைப் பற்றிய எண்ணமே இல்லாமல் அந்நியத் துணிகளில் அலங்காரமாக அமர்ந்திருந்ததைக் காந்தி பார்த்தார். சிலரிடம் கதர் உடுத்துமாறு எடுத்துச் சொன்னார். கதர் விலை அதிகம், எங்களிடம் அவ்வளவு பணம் இல்லை என்று அவர்கள் தலையசைத்தார்கள். அந்தப் பதிலில் உண்மை இருக்கிறது என்று அவருக்குப் பட்டது. தாமே தொப்பியும் மேல்சட்டையும் நீளமான வேட்டியும் அணிந்துகொண்டு, அரைகுறையாக உடுத்தியிருக்கும் கோடிக்கணக்கான மக்களிடம் கதரைப் பற்றிப் பேசுவது எப்படிப் பொருந்தும் என்று எண்ணினார். 1921 செப்டம்பர் 22 அன்று அந்த வீட்டிலிருந்து அரையாடையுடன் வெளியே வந்தார்.

அக்டோபர் 31 வரையிலாவது இப்படி இருப்பேன் என்றுதான் அப்போது அறிவித்தார் என்பதை நான் மாணவர்களுக்குத் தவறாமல் சொல்வேன். தலையையும் உடம்பையும் மூடாமல் இருப்பது தம் ஊர்ப்பக்கத்தில் துக்கத்தின் அடையாளம் என்றும் விளக்கம் கொடுத்தார். சில வாரங்களுக்கு என்று எடுத்துக்கொண்ட அந்தத் துக்கக் கோலம் அவர் இறக்கும்வரை நீடித்தது.

மாடியைப் பார்த்துவிட்டு இறங்கும்போது, கடையில் ஒரு கதர்த் துண்டையும் சாதாரண ஆலைத் துணியில் ஒரு துண்டையும் அருகருகே வைத்துத் தடவிப் பாருங்கள். கையால் நூற்ற நூல் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் ஓடுவதால் கதரின் பரப்பில் சின்னச் சின்ன மேடுபள்ளங்கள் விரலுக்குத் தட்டுப்படும். வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணுக்கும் தெரியும். கைத்தறித் துணியையும் கதரையும் ஒன்றாகவே பலர் நினைக்கிறார்கள். தறியில் கையால் நெய்தது எல்லாம் கைத்தறிதான். அதன் நூல் ஆலையில் நூற்றதாக இருக்கலாம். நூலும் கையால் நூற்றதாக இருந்தால்தான் அது கதர். சுங்குடிச் சேலைக்குப் பேர்போன ஊர், ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஹார்வி மில்லின் சங்கொலி கேட்டு விடிந்த ஊர் மதுரை. இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கே இந்த வேறுபாட்டைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. முடிந்தால் அந்தத் துண்டை விலைக்கு வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பகலில் அது கையில் இருப்பது உதவும்.

அடுத்து ஆட்டோவில் ஏறி, காமராசர் சாலையில் இருக்கும் காந்தி பொட்டலுக்குப் போக வேண்டும். அரையாடையில் அவர் முதன்முதலாகப் பொதுமக்கள் முன் தோன்றிய இடம் அது. இப்போது அங்கே பார்ப்பதற்குச் சிலையைத் தவிர அதிகமாக எதுவும் இல்லை. போக்குவரத்து இரைச்சலில் நின்று பேசவும் முடியாது. ஐந்து நிமிடம் போதும். இருந்தாலும் இந்த இடத்தை விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் ஒருவர் தனியறையில் எடுத்த முடிவு தெருவுக்கு வந்து நின்ற இடம் இதுதான்.

அங்கிருந்து வடக்கே, ஆல்பர்ட் விக்டர் பாலம் வழியாக வைகையைக் கடந்து, கோரிப்பாளையம் தர்காவின் குவிமாடத்தைக் கடந்ததும் தல்லாகுளம் வந்துவிடுகிறது. பெரியார் நிலையத்திலிருந்தும் மாட்டுத்தாவணியிலிருந்தும் வரும் நகரப் பேருந்துகளில் காந்தி மியூசியம் என்றோ தமுக்கம் என்றோ கேட்டால் நடத்துநர் சரியாக இறக்கிவிடுவார். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவையும் அவர் ஆற்றில் இறங்குவதும் நடக்கும் நாள்களில் மட்டும் இந்தப் பயணத்தை வைத்துக்கொள்ள வேண்டாம். தல்லாகுளமே அந்த நாள்களில் அழகருடையது. வண்டிகள் நகராது, உங்கள் மனமும் அருங்காட்சியகத்தில் நிற்காது. காலையில் மேலமாசி வீதியில் தொடங்கியவர்கள் பதினோரு மணிக்குள் அரண்மனைக்கு வந்துவிட்டால், மதிய இடைவேளைக்கு முன் கணிசமான பகுதியைப் பார்த்துவிடலாம். வார விடுமுறையும் நேரமும் அவ்வப்போது மாறக்கூடியவை என்பதால் முதல்நாளே தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நல்லது. நுழைவுக் கட்டணம் இல்லாமலே பார்க்கும் வாய்ப்பை இந்த அருங்காட்சியகம் நெடுங்காலமாகத் தந்துவருவதை நன்றியோடு குறிப்பிட வேண்டும்.

வாசலுக்குள் நுழைந்ததும் நேராகப் படியேறிவிடாமல், மரநிழலில் பத்து நிமிடம் நின்று அரண்மனையைப் பாருங்கள். ராணி மங்கம்மாளின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் 17-ஆம் நூற்றாண்டு மாளிகை இது. மங்கம்மாள் 1689 முதல் 1706 வரை, பேரன் விஜயரங்க சொக்கநாதனின் சார்பில் மதுரை நாயக்க அரசை ஆண்டவர். தலைநகரம் திருச்சிராப்பள்ளிக்கு மாறியிருந்த காலம் என்பதால் மதுரையில் அரச குடும்பத்துக்கு இது கோடைக்காலத்துக்கும் கேளிக்கைக்கும் உரிய மாளிகையாக இருந்தது. தமுக்கம் என்ற சொல்லே யானைப்போர் முதலிய வேடிக்கைகளை அரசர்கள் அமர்ந்து பார்ப்பதற்கான இடத்தைக் குறிப்பது. மாளிகை தரைமட்டத்திலிருந்து உயர்த்திக் கட்டப்பட்டிருப்பதைக் கவனித்தால் அந்தப் பெயரின் பொருள் விளங்கும். எதிரே உள்ள தமுக்கம் மைதானத்தில் சித்திரைப் பொருட்காட்சிக்குப் பிள்ளைகளை அழைத்து வந்த மதுரைக்காரர்கள் பலருக்கு, அந்த மைதானத்தின் பெயர் இந்த மாளிகையிலிருந்து வந்தது என்பது தெரியாது. ராட்டினம் சுற்றிய அந்தத் திடலில் முன்பு யானைகள் மோதிக்கொண்டன, மேலிருந்து அரண்மனை அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நீங்கள் பார்க்கும் கட்டடம் முழுவதும் நாயக்கர் காலத்தது என்று எண்ணிவிட வேண்டாம். 1736-இல் நாயக்கர் ஆட்சி முடிந்தபின் ஆற்காட்டு நவாபின் கைக்கும், பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கும் இது மாறியது; மாவட்ட கலெக்டர்கள் குடியிருக்கும் மாளிகையாகவும் இருந்தது. அந்தந்தக் காலத்தவர்கள் தங்கள் தேவைக்கும் விருப்பத்துக்கும் ஏற்ப இதை விரிவாக்கிக்கொண்டார்கள். குவிமாடம், வளைவுகள், கனத்த சுவர்கள் ஆகியவற்றைத் திருமலை நாயக்கர் மகாலில் பார்த்தவற்றோடு மனத்துக்குள் ஒப்பிட்டுப் பாருங்கள். 1636-இல் எழுந்த மகால் பார்ப்பவரைத் தூண்களின் உயரத்தால் மலைக்க வைக்கிறது. தமுக்கமோ வெயிலிலிருந்து உள்ளே வருபவருக்கு முதலில் குளிர்ச்சியைத் தருகிறது. சித்திரை வெயிலில் வந்த என் மாணவர்கள் உள்ளே நுழைந்ததும் சுவரில் கன்னத்தை வைத்து நிற்பார்கள். சுண்ணாம்புச் சாந்துக் கட்டடத்தைப் பற்றி ஒரு வகுப்பில் சொல்லி முடிக்க முடியாததை அந்தச் சுவர் ஒரு நொடியில் சொல்லிவிடும். சுவர்மேல் சாய்வதோ கைவைப்பதோ பழைய பூச்சுக்குக் கேடு என்பதால் அதைப் பிற்காலத்தில் நான் நிறுத்திவிட்டேன். நீங்களும் பிள்ளைகளை அனுமதிக்க வேண்டாம்.

1955-இல் அரசு இந்த மாளிகையைக் காந்தி நினைவு நிதிக்கு வழங்கியது. 1959 ஏப்ரல் 15 அன்று ஜவாஹர்லால் நேரு அருங்காட்சியகத்தைத் திறந்துவைத்தார். கட்டடத்தின் வரலாற்றை இவ்வளவு தூரம் வெளியிலேயே நின்று படித்துக்கொள்ளச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உள்ளே முதலில் வருவது, வெள்ளையர் ஆட்சி இந்தியாவில் வேரூன்றியதிலிருந்து விடுதலை வரையிலான போராட்ட வரலாற்றைச் சொல்லும் பலகைகளின் வரிசை. வரிவசூலையும் பஞ்சத்தையும் சிறையையும் பற்றிய அந்தப் பலகைகளை, அந்த வரியை வசூலித்த கலெக்டர்கள் குடியிருந்த வீட்டுக்குள் நின்று படிக்கிறோம் என்ற உணர்வு இருந்தால், ஒவ்வொரு வரியும் வேறுவிதமாக ஒலிக்கும்.

பலகைகள் ஏராளம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படிக்க முயன்றால் பாதியிலேயே கால் வலித்துவிடும், பிள்ளைகள் நிழலைத் தேடி வெளியே ஓடிவிடுவார்கள். 1757 பிளாசிப் போரிலிருந்து 1857 வரை உள்ள நூறு ஆண்டுகளை மெதுவாகப் படியுங்கள். பிந்தைய பகுதியைச் சற்று வேகமாகக் கடக்கலாம், ஏனென்றால் பாடநூல்களில் அதை நாம் ஓரளவு படித்திருக்கிறோம். அந்த நூறு ஆண்டுகளோடு இந்தப் பக்கத்துச் செய்திகளையும் நீங்களே சேர்த்துக்கொள்ள வேண்டும். கம்பெனியையும் நவாபையும் எதிர்த்து நின்ற கான் சாகிப் என்ற யூசுப் கான் மதுரையிலேயே தூக்கிலிடப்பட்டது 1764-இல். திருநெல்வேலிக்குப் போகும் வழியில் பேருந்து கடக்கிற கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலேற்றப்பட்டது 1799-இல். காரைக்குடிக்குப் போகிறவர்கள் தேநீர் குடிக்க இறங்கும் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டது 1801-இல். வேலூர்ப் புரட்சி 1806-இல். நாம் அன்றாடம் போய்வரும் ஊர்ப்பெயர்களோடு அந்த ஆண்டுகள் சேரும்போது, வடக்கே எங்கோ நடந்த வரலாறு என்ற எண்ணம் பிள்ளைகளிடம் மறைந்துவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

இதன்பிறகு காந்தியின் வாழ்க்கையைச் சொல்லும் புகைப்படங்கள் வருகின்றன. இந்த அருங்காட்சியகத்தின் உயிரான பகுதி இதுதான் என்பது என் கருத்து. உங்கள் நேரத்தில் பெரும்பங்கை இங்கே செலவிட வேண்டும். இங்கே பார்ப்பதற்கு நான் கடைப்பிடித்த முறை எளிமையானது. படத்தின் கீழுள்ள விளக்கத்தை முதலில் படிக்காமல், அதில் காந்தி உடுத்தியிருக்கும் ஆடையை மட்டும் பார்த்து, அது எந்தக் காலத்துப் படம் என்று சொல்ல முயலுங்கள். லண்டனில் சட்டம் படிக்கும் மாணவராகவும் தென்னாப்பிரிக்காவில் வழக்கறிஞராகவும் இருந்தபோது கோட்டும் கழுத்துப்பட்டையும். 1915-இல் நாடு திரும்பியபோது குஜராத்தின் கத்தியவார் பாணித் தலைப்பாகையும் நீண்ட மேலாடையும். ஒத்துழையாமை இயக்கத்தின் தொடக்கத்தில் வெள்ளைத் தொப்பி. 1921-க்குப் பிறகு அரையாடை, குளிருக்கு ஒரு போர்வை. 1931-இல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனபோதும் பக்கிங்ஹாம் அரண்மனைக்குள் நுழைந்தபோதும் அதே உடைதான். நாலைந்து படங்களுக்குள் பிள்ளைகள் இந்தக் கணக்கைப் பிடித்துக்கொள்வார்கள். பிறகு நீங்கள் சொல்ல வேண்டியதே இல்லை, அவர்களே உங்களை ஒவ்வொரு படத்துக்கும் இழுத்துச் செல்வார்கள்.

இந்த ஆடை வரிசையில் தமிழர்களுக்குத் தனியாக ஓர் இடம் இருக்கிறது. 1894-இல், டர்பனில் காந்தி தொழில் தொடங்கிய புதிதில், முதலாளியிடம் அடிபட்டு முன்பற்கள் உடைந்து, கிழிந்த துணியோடு ஒரு தமிழ் ஒப்பந்தக் கூலித் தொழிலாளி அவரிடம் அழுதுகொண்டு வந்தார். பாலசுந்தரம் என்பது அவர் பெயர். வெள்ளையர் முன்னால் தலைத்துணியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று பழக்கப்படுத்தப்பட்டிருந்த அவர், காந்தியின் முன்னும் அப்படியே நின்றார். அதை மீண்டும் தலையில் கட்டிக்கொள்ளச் சொன்னார் காந்தி. தயங்கிக்கொண்டே கட்டிக்கொண்டபோதும் அவர் முகத்தில் மகிழ்ச்சி தெரிந்தது என்று பின்னாளில் எழுதினார். 1913-இல் நேட்டாலில் வேலைநிறுத்தம் செய்த ஒப்பந்தத் தொழிலாளர்களில் தமிழர்கள் மிகப் பலர். அவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போனபோது, மேற்கத்திய உடையைக் களைந்துவிட்டு அந்தக் கூலித் தொழிலாளர்களைப் போல எளிய வெள்ளாடையில், துக்கக் கோலத்தில் டர்பன் மேடையில் வந்து நின்றார். அந்தப் போராட்டத்தில் சிறைக்குப் போய்க் காய்ச்சலோடு திரும்பிய தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரியில் உயிர்விட்டாள். டர்பன் மேடையில் நின்றதற்கு ஏறத்தாழ எட்டு ஆண்டுகளுக்குப் பின் காந்தி மீண்டும் துக்கத்தின் பெயரால் உடையைக் களைந்தது மதுரையில். இந்த மூன்று நிகழ்ச்சிகளையும் தெரிந்துகொண்டு புகைப்படங்களைப் பார்ப்பவருக்கு, மேலமாசி வீதியில் நடந்தது திடீரென்று ஒருநாள் வந்த எண்ணம் அன்று என்பது புலப்படும்.

மதுரைக்குக் காந்தி ஐந்து முறை வந்தார்: 1919, 1921, 1927, 1934, 1946. மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அவர் நுழைந்தது கடைசி வருகையின்போதுதான். அரிசனங்களை அனுமதிக்காத கோயிலுக்குள் தாமும் போவதில்லை என்று இருந்தவர் அவர். 1939 ஜூலை 8 அன்று காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயர் முன்னின்று நடத்திய ஆலயப் பிரவேசத்துக்குப் பிறகு, 1946 பிப்ரவரியில் அம்மனைத் தரிசித்தார். கோயிலை ஏற்கெனவே பார்த்துவிட்டு வந்தவர்கள் இந்தத் தேதிகளை இங்கே ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

காந்தி பயன்படுத்திய பொருள்களும் அவற்றின் நகல்களும் வைக்கப்பட்டுள்ள பகுதியில், எது மூலப்பொருள், எது நகல் என்று பெயர்ப்பலகையைப் படித்துப் பிரித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் இதை உடனே கேட்பார்கள். தெரியாமல் எல்லாம் உண்மையானவை என்று சொல்லிவிட்டால், பிறகு உண்மையானதன் முன்னால் நிற்கும்போது அவர்கள் நம்பமாட்டார்கள்.

இப்போது அந்தத் துணிக்கு வரலாம். 1948 ஜனவரி 30 மாலை, டெல்லி பிர்லா மாளிகையில் பிரார்த்தனைக்கு நடந்து சென்றபோது மூன்று குண்டுகள் பாய்ந்து அவர் விழுந்தபோது உடம்பில் இருந்த துணியின் பகுதி அது. கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது. கூட்டமாகச் சென்றால் நாலு பேராகப் பிரிந்து உள்ளே போகச் சொல்வது நல்லது. இருபது பிள்ளைகள் ஒன்றாக நின்றால் முன்வரிசை மட்டுமே பார்க்கும், பின்னால் நிற்பவர்கள் பேசத் தொடங்கிவிடுவார்கள். செல்பேசியை வெளியே எடுக்க வேண்டாம். படமெடுக்க எங்கே அனுமதி உண்டு என்பதை ஊழியர்களிடம் முன்பே கேட்டுக்கொண்டு, இந்த அறையை அதில் சேர்க்காமல் விட்டுவிடுங்கள். கறையைப் பார்ப்பதற்கு முன் நெசவைப் பாருங்கள். காலையில் மேலமாசி வீதியில் விரலால் தடவிப் பார்த்த கதரின் இழையை நினைவில் கொண்டுவாருங்கள்; வெளியே வந்தபின் பையில் இருக்கும் துண்டை எடுத்து மீண்டும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். ஒருமுறை ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, இவ்வளவு மெல்லிய துணியா என்று மட்டும் கேட்டாள். அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வெளியே வந்ததும் உடனே பேருந்து நிறுத்தத்துக்குப் போகாமல், வளாகத்தில் காந்தி வாழ்ந்த சேவாகிராமத்துக் குடிலின் மாதிரியாகக் கட்டப்பட்டிருக்கும் குடிலுக்குச் செல்லுங்கள். அரண்மனையின் உயரமான கூடங்களிலிருந்து வந்தவர்கள் அங்கே குனிந்து நுழைய வேண்டியிருக்கும். தண்ணீர் குடித்து, மரத்தடியில் உட்கார்ந்து, பிள்ளைகளைப் பேசவிட ஏற்ற இடம் அதன் சுற்றுப்புறம்தான். படிப்பில் ஆர்வம் உள்ளவர்களுக்கு நூலகமும் இருக்கிறது. அதே வளாகத்தில் 1981-இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம் உண்டு. சிற்பங்களும் இயற்கை வரலாற்றுப் பொருள்களும் அங்கே இருக்கின்றன. அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பது வழக்கம். ஒரே நாளில் இரண்டையும் பார்க்க வேண்டும் என்றால் அரசு அருங்காட்சியகத்தைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள். துணியைப் பார்த்தபின் வேறு எதையும் பார்க்க மனம் ஒட்டாது. மூட்டுவலி உள்ள முதியவர்களை அழைத்து வருவோர், அரண்மனைக்குள் செல்லப் படிகள் ஏற வேண்டும் என்பதை நினைவில் வைத்து, வரும்போதே ஊழியர்களிடம் எளிய வழி கேட்டுக்கொள்ள வேண்டும். ஜனவரி 30, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் வருவோர் தொகை அதிகம் என்பதால், நிதானமாகப் பார்க்க விரும்புவோர் வேறு நாளைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

இரண்டாவது நாளும் கையில் இருந்தால், மதுரையிலிருந்து தெற்கே பேருந்தில் டி. கல்லுப்பட்டிக்குப் போய்வரலாம். 1940-இல் தொடங்கப்பட்ட காந்தி நிகேதன் ஆசிரமம் அங்கே இருக்கிறது. கிராமியப் பொருளாதாரத்தைப் பற்றிக் காந்தியோடு சேர்ந்து சிந்தித்த ஜே. சி. குமரப்பா தம் இறுதி ஆண்டுகளைக் கழித்த இடம் அது. அவர் மறைந்ததும் ஒரு ஜனவரி 30 அன்றுதான், 1960-ஆம் ஆண்டில், மதுரையில். காலையில் புறப்பட்டால் மதியச் சாப்பாட்டுக்கு ஊர் திரும்பிவிடலாம். ஆசிரமத்துக்குப் போகும் முன் அங்குள்ளவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவது மரியாதை.